மாஸ்ரரும் மார்க்கெட் ஹார்பரோவும்

எங்கள் பௌதிக மாஸ்ரர் காலமானதைக் கனடாவிலிருந்து வகுப்புத் தோழன் ஒருவன் அறிவித்தான். எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு நாலு வரி எழுதச் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுதுவதானால் நான் குடியிருக்கும் ஊரையும் இழுக்காமல் முடியாது.

மார்க்கெட் ஹார்பரோ, லெஸ்டர்ஷயரில் வெல்லண்ட் ஆற்றோரம் உள்ள சந்தை ஊர். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம். இங்கே சந்தை கூடத் தொடங்கி எண்ணூறு வருஷமாகிறது. 1645இல், இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் நேஸ்பிச் சண்டைக்கு முன் முதலாம் சார்ள்ஸ் மன்னரின் படை இங்கேதான் தங்கியது. தோற்றபின் பிடிபட்டவர்களை அடைத்துவைத்ததும் இந்த ஊர்த் தேவாலயத்தில்தான். 1841இல் தோமஸ் குக் இங்கிருந்து லெஸ்டருக்கு மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போனபோதுதான், ஆட்களைச் சேர்த்து ரயிலில் சுற்றுலா கூட்டிப்போகும் யோசனை அவருக்கு வந்ததாம். நாங்கள் காசு கட்டி வந்த ஏஜென்சிக்காரர் வேறு ரகம்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் 1614இல் எழுந்த பள்ளிக்கூடம் மரத்தூண்களின்மேல் நிற்கிறது. மேலே ஒரேயொரு வகுப்பறை. கீழே, மழைக்குச் சந்தைச்சனம் ஒதுங்கத் திறந்த இடம். வெளிப்புறமெங்கும் பைபிள் வசனங்கள். நாங்கள் கட்டியிருந்தால் நன்கொடையாளர் பட்டியலுக்கே இடம் போதாது. கட்டுவித்த ரொபர்ட் சிமித் இந்த ஊர்ப் பெடியன். லண்டனுக்குப் போய் உத்தியோகத்தில் உயர்ந்து, ஊர்ப்பள்ளிக்குக் காசு கொடுத்தவர். நம் சங்கத்துக்கு மூத்த அண்ணர் என்று சொல்லலாம்.

1869இல் அந்த மேல்மாடிக்குப் படிக்கப் போன சிறுவன் வில்லியம் ஹென்றி பிராக். 1915இல் மகன் லோரன்ஸோடு நோபல் பரிசு வாங்கிய அதே பிராக்.

பிராக் என்றதும் எங்கள் வகுப்புக்காரர் சிரிப்பார்கள். பளிங்கில் எக்ஸ் கதிர் தெறிப்பதைச் சொல்லும் பிராக் விதியைப் படிப்பிக்கையில், மாஸ்ரர் அடிமட்டம் வைக்காமலே பளிங்குத் தளங்களைக் கீறி, படுகதிரைச் சிவப்புச் சோக்காலும் தெறிகதிரை மஞ்சளாலும் போடுவார். ஒருநாள் என்னை எழுப்பி, இரு கதிர்கள் போகும் பாதைகளின் வித்தியாசம் எங்கே என்று தொட்டுக்காட்டச் சொன்னார். நான் தொட்ட இடத்தைப் பார்த்தார். சோக்கை மேசையில் வைத்தார்.

"நீர் லண்டனுக்குப் போய்ப் பெற்றோல் ஷெட்டில நிக்கத்தான் சரி."

பின்வாங்கு மேசையில் தட்டி ஆரவாரித்தது. தட்டியவர்களில் பலர் பிறகு என்னோடு அதே லண்டனில் இரவு வேலைக்கு நின்றார்கள்.

அந்த வசனம்தான் என்னைப் பகுதிநேரமாகப் படிக்க வைத்தது. இன்று இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நானும் பௌதிகம்தான் படிப்பிக்கிறேன், சிவப்பும் மஞ்சளுமாக. பிராக் விதி தகப்பனுடையதல்ல, மகனுடையது என்பதையும் சொல்லிக்கொடுக்கிறேன். மாஸ்ரர் அதைச் சொன்னதாக ஞாபகமில்லை.

1995 யாழ்ப்பாண இடம்பெயர்வில் மாஸ்ரர் தென்மராட்சியில் ஒரு மாமரத்தின்கீழ், கழற்றிய கதவொன்றில் கீறிப் படிப்பித்தாராம். 2002இல் போர்நிறுத்தத்தோடு யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்ததும் கடிதம் போட்டார்: "இஞ்ச பௌதிகத்துக்கு ஆளில்லை. ஒரு வருஷமாவது வந்து படிப்பிச்சுப்போட்டுப் போம்."

நான் வீட்டுக்கடன் எடுத்திருந்த நேரம். ஆய்வுகூடத்துக்குக் காசு அனுப்பினேன்.