ஸ்டார் சார்ட்டைக் கழற்றிய பிறகு: இரண்டாம் வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 7, திங்கள்

இந்த வருடம் என் வகுப்பில் 28 பேர். யாருடைய உண்மைப் பெயரையும் இங்கே எழுத மாட்டேன். ஓயாமல் பேசுகிறவன் புயல். ஜன்னலோரம் உட்கார்ந்து வாயே திறக்காதவள் சிட்டு. இப்போதைக்கு இந்த இரண்டு பெயர் போதும்.

இன்று புயல் முன் வரிசைக்காரனின் பென்சிலை முழங்கையால் தட்டிவிட்டான். அது கீழே விழுந்ததும் பாய்ந்து எடுத்து நீட்டினான். நீட்டிய கையோடு என் பக்கம் திரும்பி, "டீச்சர், எனக்கு ஒரு ஸ்டார்?" என்றான்.

அவனைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. உதவி செய்தால் ஸ்டார் என்று சுவரில் சார்ட் ஒட்டியது நான்தானே. நான் சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் அவன் போட்டுக் காட்டினான்.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று இரவு வார்னெகென், டோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வை மறுபடி எடுத்துப் படித்தேன். 20 மாதக் குழந்தைகள் பெரியவர்களுக்குக் கீழே விழுந்த பொருளைத் தாமாகவே எடுத்துக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்ததற்குப் பரிசு பெற்ற குழந்தைகள், பிறகு பரிசு நின்றதும் முன்போல உதவவில்லை. வெறும் பாராட்டு கிடைத்தவர்களும், ஒன்றுமே கிடைக்காதவர்களும் உதவிக்கொண்டேதான் இருந்தார்கள்.

காலையில் சார்ட்டைக் கழற்றிவிட்டேன். "ஸ்டார் எல்லாம் எங்கே டீச்சர்?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். "இனிமேல் ஸ்டார் இல்லை. நீங்கள் செய்வதை நான் பார்ப்பேன், பார்த்ததைச் சொல்வேன்" என்றேன். இரண்டு பேருக்கு அழுகை வந்துவிட்டது. சேர்த்துவைத்த ஸ்டார்களை அவரவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

போர்வைப் பந்து. இரண்டு பெரிய போர்வைகள், ஒவ்வொன்றையும் சுற்றி 14 பேர். நடுவில் ஒரு பந்து. எல்லாரும் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப்போட்டு, அதே போர்வையில் திரும்பப் பிடிக்க வேண்டும்.

முதல் பத்து தடவையும் பந்து வெளியேதான் போனது. பலமாக இழுத்த பக்கம் போர்வை இறுகிப்போக, பந்து எதிர்ப்பக்கம் தெறித்தது. "நீதான்டா விட்டே!" என்று ஆளாளுக்குச் சத்தம். என்ன செய்யலாம் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் ஒரு சின்னவள்தான், "எல்லாரும் கொஞ்சம் லூசா விடுங்க, நான் மூணு சொன்னதும் தூக்குங்க" என்றாள். அடுத்த தடவை பந்து கூரை வரை போய், போர்வைக்கே திரும்பி வந்தது.

"வெரி குட்" என்று மட்டும் சொல்லி முடிப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். "நீ பந்தைப் பார்க்காமல் எல்லாருடைய கைகளையும் பார்த்தாய்" என்று அவளிடம் சொன்னேன். தான் என்ன செய்தோம் என்று தெரிந்தால்தான் மறுபடி செய்ய முடியும்.

ஜூலை 14, திங்கள்

ஒரே ஒரு மாற்றம். கேள்வி கேட்டதும் மனசுக்குள் மூன்று எண்ணுகிறேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள்.

மூன்று விநாடி கேட்பதற்குச் சின்னதுதான், வகுப்பில் நிற்கும்போது அது நீண்டுகொண்டே போகிறது. மறந்துவிடாமல் இருக்க விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். மதியத்துக்குள் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் கேள்வி கேட்டதும் பாதி வகுப்பு விரல் மடக்குகிறது! சிட்டு இன்றும் பேசவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்றைக்கு இரவு தூக்கம் வருமா தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒரு முறையை வகுத்தார். வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் சேர்ந்து, சண்டையும் போட்டியுமாக இருந்த காலம் அது. பாடத்தைத் துண்டுதுண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். அடுத்தவர் சொன்னால்தான் பாடம் முழுதாகும். ஏழு வயதுக்கு ஏற்ற மாதிரி நான் அதைப் படக்கதையாக்கிக்கொண்டேன். குழுவுக்கு நாலு பேர், நாலு படம். தன் படத்தைக் காட்டக் கூடாது, சொல்லலாம். அடுத்தவரிடம் கேட்கலாம்.

கதை இதுதான். காற்றில் ஒரு சிறுமியின் குடை பறக்கிறது. மரக்கிளையில் மாட்டிக்கொள்கிறது. மூன்றாவது படத்தில் குடைக்குள் ஓர் அணில் சுருண்டு தூங்குகிறது. நாலாவதில் சிறுமி குடையை எடுக்காமல் நனைந்துகொண்டே போகிறாள். சிட்டு கையில் அந்த அணில் படம். அதே குழுவில் புயல்.

"குடை மேலயே இருக்கு, அவ ஏன் எடுக்காம போறா?" புயலுக்குப் பொறுக்கவில்லை, அட்டையைப் பிடுங்கப் போனான். சிட்டு அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். நான் எழுந்துவிட்டேன். அதற்குள் அவனே கையை இழுத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தான். "உன் படத்துல யாராச்சும் இருக்காங்களா?" தலை ஆடியது. "ஆளா?" இல்லை. "நாயா?" இல்லை. "பெருசா, சின்னதா?"

அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

"அணில். தூங்குது."

"அதான் எடுக்கல!" புயல் கத்திய கத்தலில் மற்ற ஆறு குழுவும் திரும்பிப் பார்த்தது.

"நன்றாகப் பேசு, பயப்படாதே" என்று ஒரு மாதமாக அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்வது யாருக்காவது தேவைப்படுகிற நிலைமையை ஒரு நாள்கூட நான் உண்டாக்கித் தரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ரப்பருக்காகச் சண்டை, ஒருவனின் ஓவியம் கிழிந்துவிட்டது. "சாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்தவில்லை. "இப்போ என்ன செஞ்சா அவனுக்குச் சரியாகும்?" என்றேன். டேப் வாங்கிப்போய் ஒட்டிக் கொடுத்தான். சாரியும் சொன்னான், தானாக.

ஜூலை 23, புதன்

வீட்டுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் வட்டமாக உட்கார்கிறோம். 'இன்று நான் பார்த்தது' என்று பெயர். தான் செய்ததைச் சொல்லக் கூடாது, அடுத்தவர் செய்த நல்லதைச் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு நாள் அழகாகத்தான் போனது. யார் பெயரெல்லாம் வருகிறது என்று குறித்துப் பார்த்தபோது மனசு கனத்தது. சத்தமாக இருக்கிற ஏழெட்டுப் பேர்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். மூன்று பேரின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. ஆகவே இன்றிலிருந்து காலையில் சீட்டு எடுக்கிறோம். யார் பெயர் வருகிறதோ, அன்று முழுக்க அவரைக் கவனிக்க வேண்டும், சொல்லாமல்.

ஜூலை 25, வெள்ளி

வட்டத்தில் சிட்டு கை தூக்கினாள். முதல் தடவை.

எழுந்து நின்றாள், வார்த்தை வரவில்லை. பக்கத்தில் ஒருவன் "டீச்சர், நான் சொல்லவா?" என்று ஆரம்பித்தான். புயல் அவன் முழங்காலைத் தட்டி, மூன்று விரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு ஒவ்வொன்றாக மடக்கினான்.

கதவோரம் உட்காரும் பையனைக் கையால் காட்டினாள் சிட்டு. பெயர் வராத அந்த மூவரில் ஒருவன். "எல்லாரும் போனதுக்கப்புறம் இவன் நாற்காலி எல்லாத்தையும் உள்ள தள்ளிட்டுப் போறான். தினமும்."

அவன் காது சிவக்கக் குனிந்துகொண்டான். நான் இதுவரை கவனித்ததே இல்லை. மணி அடித்து எல்லாரும் போன பிறகு வகுப்புக்குள் திரும்பி வந்து பார்த்தேன். 28 நாற்காலிகளும் மேசைக்கு அடியில், ஒரே வரிசையாக.