மூஸ் வேட்டைக்கு வேலூரில் செய்த ஆயத்தம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வேலை பார்க்கும் நான், அங்குள்ள வடக்குக் காட்டுக்கு, மான்களிலேயே மிகப் பெரியதான மூஸ் வேட்டைக்குச் செல்ல விரும்பி, அதற்கு முன்பாகத் தேற வேண்டிய தேர்வுகளில் ஒன்றில் தோற்றுப்போய், விடுப்பில் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள வீட்டுக்கு வந்து ஆறு வாரம் தங்கியிருந்தேன். அந்த ஆறு வாரங்களில் செய்த ஆயத்தம்தான் பின்னர் தேர்விலும் காட்டிலும் கைகொடுத்தது. இதே ஆசையோடு என்னிடம் விசாரிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்பதைத்தான். சுடுவது சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை. அதற்குப் பிறகு விழுந்து கிடக்கும் விலங்கை உரித்து, பிரித்து, சேற்றிலும் புதரிலும் சுமந்து வெளியே கொண்டுவருவதற்கே உடலையும் கையையும் பழக்க வேண்டியிருக்கிறது.

தேர்வைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் துப்பாக்கி உரிமம் பெற விரும்புகிறவர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியாக நூற்றுக்கு எண்பது எடுக்க வேண்டும். தேறிய பிறகும், முதன்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பதால், அக்டோபர் வேட்டைக்கு அந்நாட்டுக் கோடையில் விழித்துக்கொள்வது வீண். ஒன்டாரியோவில் இதோடு வேட்டைக் கல்விப் பயிற்சிக்கும் தனியாகத் தேர்வு உண்டு. அதிலும் தேறினால்தான் வேட்டைக்குரிய அவுட்டோர்ஸ் கார்டு கிடைக்கும்.

எழுத்துத் தேர்வு எனக்குச் சிரமமாக இல்லை. மனப்பாடம் செய்தே வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! செய்முறையில்தான் விழுந்தேன். தோட்டா அறையைத் திறந்து பார்க்கும் அவசரத்தில் குழல் முனை தேர்வாளர் நின்ற பக்கம் திரும்பியதையும், விரல் விசைக்குள் நுழைந்திருந்ததையும் அவர் சொன்ன பிறகே உணர்ந்தேன். விதிகள் நாவில் இருந்தன, கையில் இல்லை.

ஊரில் துப்பாக்கிக்கு வழியில்லை, தேவையும் இல்லை. அம்மா வைத்திருந்த ஒட்டடைக்குச்சியைத் துப்பாக்கியாகப் பாவித்து, காலையிலும் மாலையிலும் பழகினேன். வீட்டுக்குள் எங்கு நடந்தாலும் அதன் முனை நாற்காலியில் இருக்கும் அப்பாவையோ, சமையலறையில் இருக்கும் அம்மாவையோ, தெருவில் போகிறவரையோ நோக்கக் கூடாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. தேர்வில் ‘ப்ரூவ்’ என்று சுருக்கிச் சொல்லும் ஐந்து படிகளையும், அதாவது பாதுகாப்பான திசையில் நீட்டு, தோட்டாக்களை வெளியே எடு, அறையைப் பார், தோட்டா வரும் வழியைச் சரிபார், குழலுக்குள் நோக்கு என்பவற்றை, தமிழில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி, பிள்ளைக்கு வெளிநாட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாராம். ஏப்ரலில் மறுபடி எழுதியபோது கை தானாகவே நடந்துகொண்டது.

வேட்டைக் கல்வியில் அதிகம் கவனிக்க வேண்டியது விலங்கை அடையாளம் காண்பது. அனுமதிச் சீட்டு எந்த வேட்டைப் பகுதியில், ஆணா, பெண்ணா, கன்றா என்று வரையறுத்தே தரப்படுகிறது. மாற்றிச் சுட்டால் அது குற்றம். ஆணுக்குக் கொம்பு உண்டு, ஆனால் மான் கொம்பு மாட்டுக் கொம்பைப் போல நிலைப்பதன்று. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உதிர்ந்து மறுபடி முளைப்பது. பெண்ணுக்கு வாலின் கீழே வெண்திட்டு இருக்கும். கன்றின் முகம் குட்டையானது. வளர்ந்த மூஸின் தாடையில் தொங்கும் சதை அதற்கு இராது. சுடக்கூடிய நேரமும் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரைதான். அந்த மங்கல் வெளிச்சத்தில் இவற்றைப் பிரித்தறிய வேண்டும் என்பதால் படங்களைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். சீட்டோ 2021 முதல், ஆண்டுதோறும் விண்ணப்பித்துச் சேர்த்த புள்ளிகளின் அடிப்படையில் வழங்கப்படுகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆண் மூஸ் சீட்டு உடனே அமைவது அரிது. நான் அலுவலக நண்பர் ஒருவரின் சீட்டை நம்பி, மூவர் குழுவில் ஒருவனாகப் போனேன்.

இனி உடலுக்கு வருகிறேன். நம் காடுகளின் மிகப் பெரிய மானான கடமானே 300 கிலோவைத் தொடுவது அபூர்வம். ஆண் மூஸ் சாதாரணமாக 450 கிலோ இருக்கும். அதன் ஒரு பின்னங்கால் மட்டும் எலும்போடு 50 கிலோ வரும். ஆகவே முதல் வாரம் 10 கிலோ அரிசியை முதுகுப்பையில் வைத்து, விடியற்காலை ஐந்து மணிக்குக் கோட்டைக்குக் கிழக்கே உள்ள சஜ்ரா மலையில் ஏறத் தொடங்கினேன். ஆறாவது வாரம் 25 கிலோ சிப்பத்தை முழுசாகச் சுமந்தேன். ஏழு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். வெயிலூர் என்று நம்மூரைக் கேலி செய்வது சும்மா இல்லை. மூட்டு வலி ஏற்றத்தில் வராது, இறக்கத்தில்தான் வரும்.

ஆனால் மலைப்பாறை மூச்சைப் பழக்குமே தவிர, கணுக்காலைப் பழக்காது. வடக்குக் காட்டின் தரை பெரும்பாலும் பாசி மூடிய சதுப்பு. வைத்த கால் புதையும், எடுக்க இரண்டு மடங்கு பலம் வேண்டும். அதற்கு ஈடாக எனக்குக் கிடைத்தது வறண்ட பாலாறு. காட்பாடிப் பாலத்துக்கு அப்பால் மணல் இன்னும் மிஞ்சியிருக்கும் இடத்தில் சிப்பத்தோடு ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள், நான் சொல்வது விளங்கும். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் இருக்கும் பெரியப்பா மகன், புதுத் தோல் காலணியை மாதக்கணக்கில் போட்டு நடந்த பிறகே பயணத்துக்கு எடுக்க வேண்டும் என்றும், நனைந்தால் நெருப்பருகே வைக்கக் கூடாது, தோல் சுருங்கி வெடிக்கும் என்றும் சொல்லி அனுப்பினான்.

காட்பாடியில் கறிக்கடை வைத்திருக்கும் மாமாவிடம் பத்து நாள் நின்றதுதான் என் ஆயத்தத்திலேயே சிறந்த பகுதி. “டேய், எலும்ப வெட்டாத. மூட்டத் தேடிக் கத்திய விடு, அதுவே வழிவிடும்” என்று அவர் சொல்லிச் சொல்லியே, கோடாரியும் ரம்பமும் இல்லாமல் ஒரு சிறு கத்தியால் ஆட்டைப் பிரிக்கக் கற்றேன். மூஸுக்கும் அதே மூட்டுகள்தான், அளவுதான் வேறு. வெளியே பனி உறையும் குளிர் இருந்தாலும், தடித்த தோலுக்குள் அடைபட்ட உடற்சூடு தொடைக் கறியை எலும்போரமாகக் கெடுத்துவிடும். ஆகவே தோலைத் தாமதமின்றி உரித்து, கால்களைப் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பையில் போட்டுத் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் சூடு வெளியேறாது. கடையில் விற்கும் பைகள் விலை அதிகம் என்பதால், நான் காடாத் துணி வாங்கி எங்கள் தெருத் தையல்காரரிடமே எட்டுப் பைகள் தைத்துக்கொண்டேன்.

துணி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இறைச்சிக்கு உகந்த பருத்தி உடலுக்கு ஆகாது. நனைந்த பருத்தி உடற்சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளாடை முதல் காலுறை வரை கம்பளியே வேண்டும். அதன்மேல் சட்டப்படி பளிச்சிடும் ஆரஞ்சு நிற மேலாடையும் தொப்பியும் அணிய வேண்டும். அலைபேசிக் கோபுரம் எட்டாத இடம் என்பதால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியை எடுத்துச் சென்றோம்; எங்கே தங்குவோம், எந்த நாள் திரும்புவோம் என்பதை ஊரில் இருப்பவரிடம் எழுதிக் கொடுத்தோம்.

ஒரு எச்சரிக்கை. ஊரில் பழகிப் பார்க்கலாம் என்று ஜவ்வாது மலைப்பக்கம் யாரும் முயலுக்குக்கூடப் போக வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே அது குற்றம். அந்த வழக்கோடு வெளிநாட்டில் துப்பாக்கி உரிமமும் கேட்க முடியாது.

அக்டோபரில் நான்காம் நாள் காலை நண்பர் ஆண் மூஸைச் சுட்டார். நான் ஒரு தோட்டாகூடச் செலவிடவில்லை. படகு நின்ற இடத்துக்கும் அதற்கும் இடையே சதுப்பு. மூவரும் ஆளுக்கு இரண்டு மூன்று நடை சுமந்து முடிக்க இருட்டிவிட்டது. பாலாற்று மணலை அன்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன். ஒரு பிழை மட்டும் நேர்ந்தது. ஆட்டுத் தொடையை மனத்தில் வைத்துத் தைத்த பைகளில் பின்னங்கால் நுழையவில்லை. இரண்டு பைகளைக் கிழித்துச் சேர்த்துக் கட்டினோம். நீங்கள் தைக்கக் கொடுக்கும்போது வாய் இரண்டு முழத்துக்கும் நீளம் மூன்று முழத்துக்கும் குறையாமல் சொல்லுங்கள், வாயில் நாடாவும் வைக்கச் சொல்லுங்கள்.