டொலுவீன் பேரல் காலியாவதில்லை

பசை ஆலையில் நிறைந்த பேரலுக்குக் கிடைக்கும் மரியாதை காலிப் பேரலுக்குக் கிடைக்காது. ரப்பரைக் கரைக்கும், எளிதில் தீப்பற்றும் திரவமான டொலுவீன் லோடு வந்தால் லாரி இன்ஜினை அணைக்கச் சொல்வோம், சக்கரத்துக்குக் கட்டை வைப்போம், கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வோம். அதே பேரலில் இருந்ததை மிக்சருக்கு ஏற்றிவிட்டு யார்டுக்கு உருட்டிவிட்டால், அடுத்த இடைவேளையில் யாராவது அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். பயப்பட வேண்டிய இடத்தை நம் ஆட்கள் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கச் சில வருடங்கள் ஆயின.

நான் வேலை பார்த்தது ராணிப்பேட்டைப் பக்கம். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்குப் பசை செய்து அனுப்பும் ஆலை. நியோப்ரீன் ரப்பரை டொலுவீனிலும், ஹெக்சேன் என்ற இன்னொரு கரைப்பானிலும் கரைத்து, ரெசின் சேர்த்தால் வரும் மஞ்சள் நிறப் பசைதான் சரக்கு. தொழிலாளிகள் அதைச் சொல்யூஷன் என்பார்கள். ஷூவின் சோலும் மேல்தோலும் பிரியாமல் இருப்பது அதன் புண்ணியம்.

டொலுவீனின் ஃபிளாஷ் பாயின்ட் 4 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்துக்கு மேலே எங்கே இருந்தாலும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். மார்கழியில் ஊட்டி மாதிரி மலை ஊர்களைத் தவிர தமிழ்நாட்டில் அதற்குக் கீழே எங்கே போகிறது? ஆக, வருடம் முழுக்க ஆவிதான். எரிவதும் அந்த ஆவிதான், திரவம் இல்லை. காற்றில் ஏறக்குறைய 1.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பற்றாது, 7.1 சதவீதத்துக்கு மேலே போனாலும் பற்றாது. நடுவில் இருப்பதுதான் ஆபத்து.

மூடிய பேரலுக்குள் டொலுவீன் கொஞ்சம் கிடந்தால் அதற்கு மேலே உள்ள காற்றில் எவ்வளவு ஆவி நிற்கும்? 20 டிகிரியில் சுமார் 3 சதவீதம். 30 டிகிரியில் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 40 டிகிரி வந்தால்தான் 7ஐத் தாண்டும். அதாவது நம் ஊரின் சாதாரண நாளில், சாதாரண நிழலில், பேரலுக்குள் இருப்பது வெடிப்பதற்கென்றே அளந்து கலந்த கலவை. மூடிய பெட்ரோல் டேங்கில் இந்த வம்பு பெரும்பாலும் கிடையாது, ஆவி அளவுக்கு மீறி அடர்ந்து கிடக்கும். ஹெக்சேனும் அப்படித்தான். ஹெக்சேன்தான் பேய், டொலுவீன் பரவாயில்லை என்று எங்கள் ஸ்டோரில் ஒரு பேச்சு உண்டு. தரையில் கொட்டினால் அந்தப் பேச்சு சரி. மூடிய பாத்திரத்துக்குள் கதை வேறு.

புதிதாக வரும் ஆட்களுக்கு வகுப்பெடுக்கும்போது ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். 200 லிட்டர் பேரல் ஒன்று முழுக்க வெடிக்கும் எல்லைக்குள் வர எத்தனை மில்லி டொலுவீன் ஆவியாக வேண்டும்? ஒருவர் ஐந்து லிட்டர் என்பார், இன்னொருவர் ஒரு லிட்டர் என்பார். விடை சுமார் 10 மில்லி. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினால்தான் வகுப்பு அமைதியாகும். பேரலைக் கவிழ்த்து எவ்வளவு வடித்தாலும், அடிவிளிம்பின் மடிப்பில் அதைவிடக் கூடுதலாகவே நிற்கும்.

பொறி எங்கிருந்து வருகிறது என்றால் எல்லாரும் பீடியைச் சொல்வார்கள். பீடியைக் கேட்டிலேயே பிடித்துவிடலாம். டொலுவீன் மின்சாரத்தைக் கடத்தாத சரக்கு. குழாயில் ஓடும்போது அதில் நிலைமின்னேற்றம் சேரும், லேசில் இறங்காது. அதனால்தான் முதலில் மெதுவாக, நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் விடச் சொல்கிறோம். குழாயின் முனை பாத்திரத்தின் அடி வரைக்கும் இறங்கியிருக்க வேண்டும், மேலிருந்து அருவி மாதிரி கொட்டக் கூடாது. டொலுவீன் ஆவியைப் பற்றவைக்க 0.24 மில்லிஜூல் ஆற்றல் போதும். மனித உடம்பில் 2000 வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறினாலே அது கிடைத்துவிடும். கார்க் கதவைத் தொட்டதும் சுருக்கென்று இழுக்கிறதே, அது நமக்குத் தெரிய 3000 வோல்ட் அளவுக்கு வேண்டும். கையில் எதுவும் உறைக்காமலே விரல் நுனியிலிருந்து தீ போகலாம்.

இதற்கு மருந்து, மின்னேற்றத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த்திங் கிளிப். எல்லா ஆலையிலும் இருக்கிறது, எல்லா ஆடிட்டிலும் டிக் விழுகிறது. எங்கள் ஆலையில் அதை ஒரு நாள் கிட்டே பார்த்தேன். கிளிப்பின் பற்கள் இரண்டிலும் காய்ந்த பசை, பழுப்பு நிறத்தில், நகத்தால் கீறினால் சுருண்டு வரும் அளவுக்குத் தடிமனாக. காய்ந்த ரப்பர் பசை நல்ல இன்சுலேட்டர். கிளிப் பேரலைக் கவ்விக்கொண்டிருந்தது, ஆனால் உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை. மீட்டர் வைத்தால் முள் அசையவில்லை. மின்தடை பத்து ஓமுக்குள் காட்ட வேண்டிய இடம். சில பேரலில் பெயின்ட்டின் மேலேயே கிளிப் போட்டிருந்தார்கள், அதுவும் அதே கதிதான். பிறகு கூர்முனைத் திருகு வைத்த கிளிப்பாக மாற்றி, ஷிப்ட் ஆரம்பத்தில் மீட்டர் வைத்துப் பார்த்து எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். உடம்பின் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கும் ஆண்டிஸ்டாட்டிக் ஷூ சமாசாரமும் இதேதான். அடியில் ஒரு அங்குலம் பசை அப்பிக்கொண்டால் அது வெறும் ரப்பர் கட்டை. தினமும் சுரண்டுகிற ஆளுக்குத்தான் ஷூ வேலை செய்யும்.

ரப்பர்ச் சில்லுகளைப் பாலித்தீன் பையிலிருந்து மிக்சரின் மேல்வாயான மேன்ஹோல் வழியே கொட்டுவது இன்னொன்று. பை காலியாகி உதறும் அந்தக் கடைசி நொடியில்தான் மின்னேற்றம் அதிகம். கீழே டொலுவீன், மேலே ஆள் குனிந்தபடி. ரப்பரை முதலில் போட்டுவிட்டுப் பிறகு டொலுவீனை விடலாம், காகிதப் பை வாங்கலாம், உள்ளே நைட்ரஜன் நிரப்பி ஆக்சிஜனைக் குறைக்கலாம். நைட்ரஜன் வந்தால் தீ பயம் குறையும், மூச்சு பயம் கூடும், ஆக்சிஜன் மிகவும் குறைந்த பாத்திரத்துக்குள் தலையை நீட்டுகிறவனுக்கு மயங்கப்போகிறோம் என்றே தெரியாது.

சரி, காலிப் பேரலுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த வேறொரு ஆலையில், குப்பைத் தொட்டி செய்வதற்காகக் காலிப் பேரலின் தலையைக் கேஸ் கட்டரால் வெட்டினார்கள். கான்ட்ராக்ட் வெல்டர். தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார், மூக்கை வைத்தும் பார்த்திருந்தார். கட்டர் பட்டதும் மூடி பறந்து ஷெட்டின் கூரையைக் கிழித்தது. தாடை எலும்பு முறிந்து, பிழைத்ததே பெரிது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், வாய் கட்டியிருந்ததால் பாதி சைகையில்: "கழுவிட்டேன் சார், வாசனையே இல்ல."

டொலுவீன் தண்ணீரில் கரையாது. தண்ணீர் ஊற்றினால் மிதந்து மேலே வரும், வடித்தால் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். பசைப் பேரலில் காய்ந்த படிவம் வேறு இருக்கும். அதற்குள் சிறைப்பட்ட டொலுவீன் கட்டர் சூடு பட்டதும்தான் வெளியே வரும். சோதித்தபோது இல்லாத ஆவி வெட்டும்போது பிறக்கும். மூக்கோ நம்ப முடியாத சாட்சி. சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) அளவிலேயே கண்டுபிடித்துவிடும், ஆனால் ஷிப்டு முழுக்க அதிலேயே நின்றவருக்குப் பழகிப்போய் எதுவும் தெரியாது. ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம் என்பதால் அடியில் படுத்துக் கிடக்கும், மூக்கு மேலே இருக்கும். டிரெயினேஜில் ஊர்ந்து தூரத்துப் பொறியைத் தேடிப் போய், தீயோடு திரும்பி வருவதும் இதே குணத்தால்தான். கேஸ் டிடெக்டரைக் கணுக்கால் உயரத்தில் பிடிக்கச் சொல்வது இதனால்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவில், எரியக்கூடிய பொருள் இருந்த பாத்திரத்தை, பொருளையும் அதன் ஆவியையும் அகற்றாமல் வெல்டிங், கட்டிங் செய்யக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. இந்த மாதிரித் தீ வேலைக்கான அனுமதிச் சீட்டு, ஹாட் ஒர்க் பெர்மிட் என்று நாம் ஓடி ஓடிக் கையெழுத்து வாங்குவதற்கு வேர் அங்கேதான். ஆனால் பெர்மிட் ஆலைக்குள் மட்டும் செல்லுபடியாகும். காலிப் பேரலோ ஆலையை விட்டு வெளியே போகிற பொருள். தண்ணீர் பிடிக்க, தார் காய்ச்ச, தந்தூரி அடுப்பு செய்ய என்று சந்தையில் அதற்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. அங்கே வெட்டுகிறவருக்கு ரசாயனத்தின் ஆபத்துகளைச் சொல்லும் எம்.எஸ்.டி.எஸ். தாளை யார் காட்டப்போகிறார்கள்?

உடல்நலத்தை ஒரு வரியில் விட மனமில்லை. பசை ஆலைகளில் பணம் குறைவான தொழிலாளிக்குத் தீயைவிட மெதுவான எதிரி ஹெக்சேன். அறுபதுகளில் ஜப்பானில் செருப்பு செய்த பெண்களுக்குக் கால் மரத்து நடை தளர்ந்ததை ஆராய்ந்துதான் அது நரம்பைத் தின்னும் என்று உலகுக்குத் தெளிவானது. ஆகவே ஆவி வெளியேற்றும் மின்விசிறி தீக்கும் மருந்து, நரம்புக்கும் மருந்து. அதை மட்டும் மின்கட்டணக் கணக்கில் பார்க்காதீர்கள் என்று மேனேஜர்களிடம் கெஞ்சியிருக்கிறேன்.

பேரலுக்கு நாங்கள் எடுத்த வழி எளிது, ஆனால் பணம் செலவாகும் வழி. ரசாயனம் ஒட்டிய காலிப் பேரல் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் வரும் பொருள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவருக்குத்தான் கொடுக்கலாம். சில்லறை வியாபாரி தரும் விலையை அவர் தரமாட்டார். "மூடி கெடாம குடுங்க சார், நல்ல ரேட்டு போட்டுத் தரேன்" என்று வாசலில் வந்து நிற்கும் வியாபாரியைக் கணக்குப் பிரிவுக்குப் பிடிக்கும். அவருக்கு விற்கக் கூடாது என்ற என் குறிப்பு மேஜைக்கு மேஜை அலைந்தது. பிறகு வெளிநாட்டு ஷூ பிராண்ட் ஒன்றின் ஆடிட்டர் வந்து, காலிப் பேரல் எங்கே போகிறது, ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்டார். அடுத்த வாரமே கையெழுத்து விழுந்தது.