ஒரு சாதாரண புதன்கிழமை எப்படி இருக்கும்?

ஜூன் மாதம் தனியார் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மகளுக்கு இடம் உண்டு, கட்டணத்தில் பாதிக்கு ஸ்காலர்ஷிப்பும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் 3,000 டாலர் முன்பணம் கட்டினால்தான் இடம் நிற்கும். கட்டிய பணம் திரும்பி வராது. அவள் எழுதியிருந்த அரசு செலக்டிவ் பள்ளித் தேர்வின் முடிவோ ஆகஸ்டு வாக்கில்தான் வரும். சிட்னியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற எத்தனையோ வீடுகளில் இந்த இரண்டு மாதமும் இதே பேச்சாகத்தான் ஓடும். எங்கள் வீட்டில் அது 2023இல் நடந்தது.

இங்கே, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஏழாம் வகுப்பிலிருந்து உயர்நிலைப்பள்ளி தொடங்குகிறது. அரசுப் பள்ளிகளில் சில, தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. அவற்றைத்தான் செலக்டிவ் என்கிறோம். கார்லிங்ஃபோர்டில் இருக்கும் ஜேம்ஸ் ரூஸ், பால்கம் ஹில்ஸ், கிராவீன் என்று எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் எல்லாம் இந்த வகைதான். படிப்புக்குக் கட்டணம் கிடையாது. முன்கூட்டியே விண்ணப்பித்து, ஆறாம் வகுப்பின் மே மாதத்தில் தேர்வு எழுத வேண்டும். வாசிப்பு, கணிதம், சிந்தனைத் திறன், எழுத்து என நான்கு தாள்கள், எல்லாம் ஒரே நாளில்.

மதுரையில் இருக்கும் என் அம்மாவிடம் இதைப் போனில் சொன்னபோது, "அவ்வளவு தூரம் போய் சம்பாதிச்சு, பிள்ளையைக் கவர்ன்மென்ட் பள்ளிக்கூடத்துலயா போடப் போற?" என்றார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்த வீடுகள் முதலில் செய்த காரியம், பிள்ளையை மெட்ரிக் பள்ளிக்கு மாற்றியதுதான். அதே கேள்வியை இங்குள்ள நண்பர்கள் நேர் எதிராகக் கேட்டார்கள்: "செலக்டிவ் கிடைக்கும்போது யாராவது காசு கட்டுவார்களா?" இரண்டு பக்கமும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டு பேச்சிலும் என் மகள் இல்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரப் பெண், ஆனால் இரண்டு மார்க் குறைந்தால் இரவுச் சாப்பாடு இறங்காது. ஐந்தாம் வகுப்பில் சனிக்கிழமை கோச்சிங்குக்கு அனுப்பினோம். வாராவாரம் தேர்வு, வாராவாரம் தரவரிசை. நான்காவது மாதம் அவள் நகங்களைப் பார்த்தேன். சதை தெரியும் அளவுக்குக் கடித்திருந்தாள். அன்றே நிறுத்தினோம். பிறகு கல்வித்துறை இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கும் மாதிரித் தாள்களை வைத்து வீட்டிலேயே படித்தாள். கோச்சிங் போனால்தான் இடம் கிடைக்கும் என்று நான் நம்பியதற்காக இப்போதும் வருந்துகிறேன்.

என் கணவருக்குத் தனியார் பள்ளிதான் சரி என்று பட்டது. வகுப்பில் பிள்ளைகள் குறைவு, ஒவ்வொருவரையும் ஆசிரியருக்குத் தெரியும், நீச்சல் குளம், இசைக்குழு. "நூற்றுக்கணக்கான கெட்டிக்காரர்களுக்கு நடுவில் இவள் நொறுங்கிப் போவாள்" என்று பயந்தார். எனக்கும் அதே பயம்தான், ஆனால் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 28,000 டாலர், அதில் பாதி 14,000. ஆறு ஆண்டுக்கு 84,000. ஆண்டுதோறும் ஏறும் கட்டணம், லேப்டாப், சீருடை, முகாம் எல்லாம் தனி. ஸ்காலர்ஷிப்பை ஒவ்வொரு ஆண்டும் மதிப்பெண் பார்த்துத்தான் நீட்டிப்பார்கள் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. நொறுங்கிவிடுவாளோ என்று பயப்படும் பிள்ளையின் தலையில், "மார்க் குறைந்தால் அப்பா அம்மா 14,000 கூடுதலாகக் கட்ட வேண்டும்" என்ற பாரத்தையும் வைப்பதா? இதைச் சொன்னபோது கணவர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்து, அப்போது எட்டு வயதான தம்பி வேறு இருந்தான்.

அடுத்த குழப்பம், எச்எஸ்சி என்ற பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு மதிப்பெண் போடும் முறை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக வரும் ஏடார் என்பது மதிப்பெண் இல்லை, தரவரிசை. "செலக்டிவில் கடைசி வரிசையில் இருந்தால் ஏடார் விழுந்துவிடும்" என்று ஒருவர் சொன்னார். "செலக்டிவ் என்றாலே ஸ்கேலிங்கில் மார்க் ஏறிவிடும்" என்று இன்னொருவர் சொன்னார். ஏடார் கணக்கிடுவதற்காக மதிப்பெண்களைச் சரிசெய்வதைத்தான் ஸ்கேலிங் என்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர்தான் காகிதத்தில் எழுதிப் புரியவைத்தார். ஒரு பாடத்தின் எச்எஸ்சி மதிப்பெண்ணில் பாதி பொதுத்தேர்வு, பாதி பள்ளியின் உள்மதிப்பீடு. பள்ளி கொடுக்கும் உள்மதிப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாடத்தின் பொதுத்தேர்வில் எப்படி எழுதினார்களோ அதற்குத் தக்கபடி மாற்றி அமைக்கிறார்கள். அதனால் கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் அறுபதாவதாக இருப்பது, கேட்கும்போது தோன்றும் அளவுக்கு நஷ்டம் இல்லை. ஸ்கேலிங் என்பது பாடத்துக்குப் பாடம் செய்வது. எந்தப் பள்ளி என்று பார்த்துச் செய்வதே இல்லை. சரி, அப்படியென்றால் எந்தப் பள்ளியிலும் மாயம் ஒன்றும் கிடையாது. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

செய்தித்தாளில் டிசம்பரில் வரும் பள்ளித் தரவரிசையையும் அதற்குப் பிறகு வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய எச்எஸ்சி தேர்வுகளில் எத்தனை சதவீதத்தில் 90 அல்லது அதற்கு மேல் வந்தது என்பதை வைத்துப் போடும் பட்டியல் அது. பன்னிரண்டு வயதில் மாநிலத்திலேயே நன்றாகத் தேர்வெழுதிய பிள்ளைகளைச் சேர்த்த பள்ளி, பதினெட்டு வயதில் முன்னால் நிற்பதில் என்ன ஆச்சரியம்?

இரண்டு பள்ளிகளையும் நேரில் போய்ப் பார்த்திருந்தோம். தனியார் பள்ளியில் துணை முதல்வரே கை குலுக்கி வரவேற்றார். மகளுடைய வயலின் பற்றிக் கேட்டார். எனக்கு நிஜமாகவே பிடித்தது. செலக்டிவ் பள்ளியில் எங்களைச் சுற்றிக் காட்டியது ஒன்பதாம் வகுப்புப் பெண். கட்டடம் பழசு, கழிப்பறையும் சுமார். மகள் அந்தப் பெண்ணிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்: "இங்கே கடைசி மார்க் வாங்கினால் என்ன செய்வார்கள்?" அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஏழாம் வகுப்பில் முதல் கணக்குத் தேர்வில் நான்தான் கடைசி. யாரும் ஒன்றும் செய்யவில்லை. ரயிலில் வரும்போது தோழி சொல்லிக்கொடுத்தாள்" என்றாள். காரில் திரும்பும்போது மகள் அதையே இரண்டு முறை சொன்னாள்.

முன்பணத்தைக் கட்டினோம். கட்டாமல் இருக்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. ஆகஸ்டில் முடிவு வந்தது. முதல் விருப்பமாக எழுதிய பள்ளியில் காத்திருப்போர் பட்டியல், இரண்டாவது விருப்பத்தில் இடம். நாங்கள் சுற்றிப் பார்த்தது அந்த இரண்டாவது பள்ளியைத்தான்.

அன்றிரவு ஆளாளுக்குப் பேசி ஓய்ந்த பிறகு, மகளிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சாதாரண புதன்கிழமை எப்படி இருக்கும் என்று காலையிலிருந்து எழுதச் சொன்னேன். தனியார் பள்ளித் தாளில் காலை 6.40 பஸ், இரண்டு பஸ் மாறி மாலை 5 மணிக்கு வீடு, வயலின் பயிற்சி என்று எழுதி அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். செலக்டிவ் தாளில் ஒரே ரயில், 3.50க்கு வீடு. மதியத்துக்கு நேராக, "புளிசாதம் கொண்டுபோகலாம், என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். தொடக்கப்பள்ளியில் ஆறு ஆண்டுகளாக அவள் ஜாம் சாண்ட்விச் மட்டுமே கேட்டதன் காரணம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதிலும் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. சிட்னியின் செலக்டிவ் பள்ளிகளில் பெரும்பாலும் நம்மைப் போலக் குடியேறி வந்த வீட்டுப் பிள்ளைகள். எல்லோர் வீட்டிலும் ஒரே கனவு, ஒரே அழுத்தம். இந்த ஊரின் மற்றப் பிள்ளைகளோடு பழகாமலே வளர்ந்துவிடுவாளோ என்று இன்றும் யோசிப்பதுண்டு. பகுதி கூடைப்பந்துக் குழுவில் சேர்த்தது அதற்காகத்தான்.

செலக்டிவையே ஏற்றோம், 3,000 டாலர் போயிற்று. ஜனவரி கடைசியில் முதல் விருப்பப் பள்ளியில் இடம் காலியானதாக மின்னஞ்சல் வந்தது. செய்தித்தாள் தரவரிசையில் அதன் பெயர் மேலே இருக்கும். கணவர் கொஞ்சம் சபலப்பட்டார். மகள் சீருடையை எடுத்துக்காட்டி, "பெயர் தைத்தாகிவிட்டதே அப்பா" என்றாள். அப்புறம் யாரும் பேசவில்லை.

முதல் பருவத்தில் கணக்கில் பாதிக்கும் கீழே வந்தாள், அழுதாள், சாப்பிடவும் செய்தாள். இப்போது பதினான்கு வயது முடிந்துவிட்டது. வயலினைத் தனி ஆசிரியரிடம் தொடர்கிறாள். எச்எஸ்சியில் தமிழை ஒரு பாடமாக எடுக்க முடியும் என்று அவளே விசாரித்து வந்து சொன்னாள்.

போன ஆண்டு அம்மா மூன்று மாதம் வந்து தங்கினார். தினமும் பேத்தியோடு ஸ்டேஷன்வரை நடந்தார். ஒருநாள் பள்ளியின் இசை நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனேன். வெளியே வந்ததும் பேத்தியின் காலரை நீவிவிட்டபடி, "நல்ல பள்ளிக்கூடமாத்தான் இருக்கு. நீ இந்தச் சட்டையை மட்டும் தேய்ச்சுப் போட்டு அனுப்பு" என்றார்.