மூணாறு தலைப்பும் மோட்டார் கொட்டகையும்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் நீடாமங்கலத்தைக் கடந்தவர்களுக்கு அந்த ஊர் ரயில்வே கேட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மே மாதக் கடைசியில் நான் போன பேருந்தும் அங்கே சிக்கியது. எங்கள் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பின்னால் வரிசையாக நின்ற லாரிகளும் கார்களும் கேட் திறக்கும் வரை டீசலை எரித்துக்கொண்டே நின்றன. எரிசக்திச் சிக்கனம் என்றதும் சோலார் பலகையிலிருந்து பேச்சைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. நானும் அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

நண்பர் ஒருவர் தம் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் பலகைகள் பொருத்தியிருக்கிறார். 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஏறத்தாழ முந்நூறு சதுர அடி இடம் வேண்டும்; நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் வரை வரும். டெல்டா வீடுகளில் இடத்தைவிடத் தென்னைமரம்தான் பெரிய தடை. ஒரே ஒரு மட்டையின் நிழல் ஒரு பலகையின் மீது விழுந்தாலும், அதனோடு தொடராக இணைந்திருக்கும் மற்றப் பலகைகளின் உற்பத்தியும் குறைந்துவிடுகிறது. மரத்தை வெட்ட மனம் வராத நண்பர், பலகைகளை மேற்கே தள்ளி, உயரமான இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றிவிட்டார்.

அவர் வீட்டில் பலருக்கும் இருந்த ஓர் எதிர்பார்ப்பு மட்டும் நிறைவேறவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை; ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் குடிநீர்த் தொட்டிகளை நிரப்பினார்கள். இனி அப்படி நேர்ந்தாலும் நம் வீட்டில் விளக்கு எரியும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைக்கிறார்கள். மின்வெட்டின்போதும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரிக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். பொருத்த வருகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உண்மையில் அந்த வீட்டில் முதலில் பலன் தந்தது பலகை அல்ல, மின்விசிறி. புழுக்கம் மிகுந்த டெல்டாவில் விசிறி பகலிரவாக ஓடும். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு விசிறியிலேயே நாற்பது யூனிட் மிஞ்சும். வீட்டின் இரண்டு மாத மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணச் சலுகையில் ஒரு பகுதி போய்விடும். அந்த எல்லையில் நிற்கும் குடும்பத்துக்கு நாற்பது யூனிட் சிறிதல்ல. நான்கு விசிறிகளை மாற்ற ஆகும் பணம், சோலாருக்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் அற்பம்.

அரிசி ஆலையையும் எட்டிப் பார்த்தோம். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதையே கொதிகலனில் எரித்துப் புழுங்கலுக்கு நெல் அவிக்கிறார்கள். இந்த வட்டாரத்தின் பழைய தூய எரிபொருள் அதுதான் என்று சொல்ல ஆசைப்பட்டேன். ஆனால் ஆலையிலிருந்து பறக்கும் கரித்தூள் நண்பரின் பலகைகளில்தான் வந்து படிகிறது.

மறுநாள் காலை, நீடாமங்கலம் பக்கத்தில் ஆறு பிரியும் மதகுகள் இருக்கும் மூணாறு தலைப்புக்குப் போனோம். கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, இங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மதகுகள் மூடிக் கிடந்தன. ஆறு மணலாக இருந்தது. வயல்பக்கம் மட்டும் மோட்டார் சத்தம் கேட்டது. குறுவை நாற்றங்காலுக்கு ஃபில்டர் பாயிண்ட் என்னும் ஆழமில்லாத குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் நான்கு யூனிட்டுக்கு மேல் செலவாகும். 1990 முதல் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் அந்தச் செலவு யார் கண்ணிலும் படுவதில்லை. சலுகையை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் இங்கே பலர் நிலத்தை விட்டிருப்பார்கள். ஆனால் தேய்ந்த பம்பையோ உள்ளே கம்பிச் சுருளைப் பலமுறை மாற்றிக் கட்டிய மோட்டாரையோ மாற்ற வேண்டும் என்ற எண்ணம் வருவதற்கு அங்கே காரணமே இல்லை.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்தக் குறுவையில் மோட்டார் வைத்திருந்தவர்கள்தான் துணிந்து நட்டார்கள். ஆற்று நீரின் கணக்கே வேறு. அணையிலிருந்து இறங்கும்போது அது மேட்டூரின் அணை மின்நிலையத்தையும் சுரங்க மின்நிலையத்தையும் சுழற்றுகிறது. இரண்டின் திறன் சேர்ந்து 250 மெகாவாட். பிறகு கதவணைகளில் மேலும் மின்சாரம் தந்துவிட்டு, கல்லணையிலிருந்து தாழ்வை நோக்கித் தானாகவே ஓடி வயலுக்கு வருகிறது. வரும் வழியெல்லாம் மின்சாரம் கொடுத்துவிட்டு, வந்து சேர்ந்த இடத்தில் ஒரு யூனிட்டும் கேட்காத பாசனம் இது. மதகையும் வாய்க்காலையும் ஏன் எரிசக்திக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

நாற்றங்கால் ஓரம் நின்ற பெரியவரிடம் சோலார் பம்ப்செட்டைப் பற்றிக் கேட்டேன். அரசு 60 விழுக்காடு மானியம் தருவது அவருக்குத் தெரிந்திருந்தது. "மீதியை நான்தானே போடணும் தம்பி. ஆத்துல தண்ணி வந்துட்டா இந்தக் கொட்டாயைத் தொறக்கவே மாட்டேன். நாத்து விடுற இருவது நாளைக்கு அவ்வளவு பணம் எதுக்கு?" என்றார்.

ஆறு தவறும் ஆண்டில் என்ன செய்வீர்கள் என்று விடாமல் கேட்டேன். மேட்டு நிலக்காரர்களுக்கும் ஆற்று நீர் எட்டாத ஊர்களுக்கும் சோலார் அவசியம்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்த கிளை வாய்க்காலைக் காட்டினார். ஆறு நிறைய ஓடும் ஆண்டிலும் அந்த வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்களுக்குத் தண்ணீர் ஏறுவதில்லையாம். ஆகஸ்ட் மாதத்திலும் அங்கே மோட்டார்தான் ஓடுகிறதாம். ஜூன் 12-க்கு முன் இதைத் தூர்வாரிவிட்டால் எத்தனை மோட்டார்களை நிறுத்தலாம் என்று கேட்டதற்கு, கொட்டகைகளை ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணத் தொடங்கினார்.