திரும்பி வந்த செக்கும் பி.காம். வணிகச் சட்டமும்

நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, வணிகச் சட்டப் பாடம் நடந்த அதே பருவத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு செக் திரும்பி வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் கடலூர் திருப்பாப்புலியூரில் கூட்டாக முந்திரி மொத்த வியாபாரம் செய்கிறார்கள். பண்ருட்டியில் பருப்பு எடுத்து, தரம் பிரித்து, கடைகளுக்குப் போடுவார்கள். புதுச்சேரியில் ஒரு இனிப்புக் கடைக்குத் தீபாவளிச் சரக்கு போட்ட வகையில் வந்த செக் அது. மூன்று லட்சத்துச் சொச்சம். கணக்கில் போதிய பணம் இல்லை என்ற மெமோவோடு வங்கி திருப்பிக் கொடுத்துவிட்டது.

கடைக்காரரிடம் கேட்டால், "அண்ணே, அடுத்த வாரம் இன்னொரு வாட்டி போடுங்க, கண்டிப்பா பாஸ் ஆயிடும்" என்றார். சித்தப்பா நேரில் போய்ச் சண்டை போடலாம் என்றார். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், கடைசியாகத் திரும்பியதை வைத்தும் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் சொல்லியிருப்பதை நான் சொன்னேன். மறுபடியும் போட்டோம். மறுபடியும் திரும்பியது. அதற்குப் பிறகுதான் வக்கீலிடம் போனோம்.

வக்கீல் செக்கைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்ட கேள்வி: "பார்ட்னர்ஷிப் பதிவு பண்ணியிருக்கீங்களா?"

இந்திய கூட்டாண்மைச் சட்டம், 1932-இன்படி கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, பதிவு செய்யாத நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள் மேல் சிவில் வழக்குப் போட முடியாது என்கிறது. சரக்கு கொடுத்தது உண்மை, பணம் வராததும் உண்மை. இருந்தும் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும். செக் திரும்பிய குற்ற வழக்குக்கு அந்தத் தடை பொருந்தாது என்று வாதாட இடம் உண்டு, ஆனாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும் என்றார் வக்கீல். நல்ல வேளையாகத் தாத்தா காலத்திலேயே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். பீரோவில் பத்திரத்துக்கு அடியிலிருந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தார் அம்மா. கூட்டு வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டில் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

அடுத்தது, பணம் உண்மையிலேயே பாக்கியா என்பது. செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881-இன் 138-ஆம் பிரிவு, சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனுக்காகக் கொடுத்த செக்குக்கு மட்டுமே பொருந்தும். செக்கில் கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், அது கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று 139-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு கொடுத்தவருடையது. ஆனாலும் அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர்தான் என்றாலும், முள்ளோடையைத் தாண்டினால் வேறு ஆட்சிப்பகுதி. அதனால் பில்லில் எல்லை தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி வரி போட்டிருந்தார்கள். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டியதால் சரக்கு வண்டியில் போவதைக் காட்டும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் வண்டி எண்ணோடு இருந்தது. சரக்கே வரவில்லை என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாதபடி அந்தத் தாள் எங்களைக் காப்பாற்றியது. மறுபயன், அதாவது ஒன்றுக்கு ஈடாகக் கொடுப்பது, என்று ஒப்பந்தச் சட்டத்தில் படிப்பதெல்லாம் கடைசியில் இந்தத் தாள்களில்தான் நிற்கிறது.

பிறகு நோட்டீஸ். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து நம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். மெமோவில் அச்சான தேதி ஒன்று, வங்கி அதை அப்பா கையில் கொடுத்த தேதி வேறு. வக்கீல் இரண்டையும் ஓரத்தில் பென்சிலால் குறித்தார், முந்திய தேதியிலிருந்தே எண்ணினார். வட்டி, அலைச்சல் செலவு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்கச் சொன்னார் சித்தப்பா. வக்கீல் சம்மதிக்கவில்லை. செக் தொகையைத் தனியாக, தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும், மற்றவற்றோடு கலந்து மொத்தமாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம் என்றார். செக் எண், தேதி, தொகை மூன்றும் ஒரு பத்தியில். வட்டி வேறு பத்தியில். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

கவர் அப்படியே திரும்பி வந்தது. மேலே 'வாங்க மறுப்பு' என்று தபால்காரர் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். அப்பா முகம் வாடிவிட்டது. ஆனால் சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலை வாங்க மறுத்தால் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று சி.சி. அலவி ஹாஜி வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வைக்கச் சொன்னார் வக்கீல்.

அங்கிருந்து 15 நாள் காத்திருக்க வேண்டும். பணம் கட்டச் சட்டம் தரும் அவகாசம் அது. உடனே கேஸ் போடச் சொல்லி சித்தப்பா தினமும் நச்சரித்தார். அந்த 15 நாள் முடியும் முன் போடும் புகார் செல்லாது என்று 2014-இல் யோகேந்திர பிரதாப் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அவகாசம் முடிந்ததும் ஒரு மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். பணம் வசூலிக்க நினைக்கிற வியாபாரி இந்த மூன்று கெடுவையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வகுப்பில் இவற்றைக் காலண்டரை வைத்தே நடத்த வேண்டும்.

எந்த ஊர் நீதிமன்றம் என்பதில் எனக்கே பயம் இருந்தது. செக் புதுச்சேரி வங்கியுடையது. 2014-இல் தஷ்ரத் ரூப்சிங் ராதோட் தீர்ப்புப்படி அங்கேதான் போக வேண்டியிருந்திருக்கும். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பணம் பெறவேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளை எங்கேயோ அந்த ஊர் நீதிமன்றம். அதனால் கடலூர் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலேயே போட்டோம். நிறுவனத்தின் பெயரில், பங்குதாரர் என்ற முறையில் அப்பா கையெழுத்திட்டார்.

சம்மன் போனதும் கடைக்காரர் தன் வக்கீலோடு வந்தார். இரண்டாண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது சாதாரண விஷயமில்லை. 147-ஆம் பிரிவின்படி இந்தக் குற்றத்தில் இரு தரப்பும் சமரசம் ஆகலாம். தவணையாகக் கட்டுகிறேன் என்றார். செக் வேண்டாம், டிடியாகக் கொடுங்கள் என்றார் அப்பா. கடைசித் தவணை வந்த பிறகே சமரச மனுவில் கையெழுத்துப் போட்டார்.

வட்டியை அப்பா விட்டுக்கொடுத்துவிட்டார். எனக்கு முதலில் வருத்தம்தான். மூன்றாண்டுக்குள் சிவில் வழக்குப் போட வழி இருந்ததே என்றேன். "அவனும் கடை வச்சிப் பொழைக்கணும்மா, நாளைக்கு அவன்கிட்டதான் சரக்குப் போடணும்" என்றார். அடுத்த தீபாவளிக்கு அதே கடைக்குச் சரக்குப் போனது, முன்பணம் வாங்கிக்கொண்டு.