பிள்ளைகளோட பெத்தகானவுக்குப் போறீங்களா?

கிழமை முழுக்க ஓடிக் களைச்சவங்களுக்கு நுவரெலியாப் பயணம் ஓய்வே இல்லை. கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்கா போதும். 2018இல கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்சதே இப்படியான சதுப்புகளாலதான்.

வெள்ளனப் போங்க. பத்து மணி தாண்டினா வெயில் சுள்ளெண்டு ஏறும், பறவைகள் அடங்கிடும், சின்னதுகள் சிணுங்கத் தொடங்கும். பலகைப் பாதையில தள்ளுவண்டி சரிவராது; சின்னச் சில்லு இடுக்கில மாட்டும். கைக்குழந்தையை நெஞ்சோட கட்டுற பையில வைங்க. மழை பெய்திருந்தா பலகை வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம்.

டெங்கு நுளம்பு கடிக்கிறதே காலையிலும் பொழுதுபட முன்னமும்தான். அதால நீளக்கை, நீளக் காற்சட்டை. நுளம்புக் களிம்பைப் பிள்ளையின்ட உள்ளங்கையில பூசாதீங்க, அந்தக் கை நேரா வாய்க்கும் கண்ணுக்கும்தான் போகும்.

கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) பாதையில கிடந்தா நில்லுங்க, தானாத் தண்ணிக்குள்ள இறங்கும். கிட்டப்போய்ப் படம் எடுக்கிற அப்பாமாரே, அது வாலால விளாசும்! பிள்ளைகளுக்கு மீன்பாணை வாகனத்திலயே குடுத்து முடிங்க. உள்ளுக்குத் தண்ணிப் போத்தல் மட்டும், ஆளுக்கு அரை லீட்டர். நாலு வயசுக் காலுக்கு ஒரு மணித்தியாலம் தாராளம். பறவை பார்க்கிற கோபுரத்துக்கு முதல்ல போங்க, கடைசியில எண்டால் தூக்கிக்கொண்டுதான் ஏறவேணும்.